பத்தாவது குடும்பம்

செலஸ்தீனாக்காவின் வீட்டு வாசலில் நாகலெட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, என் கண் முதலில் அவள் நெற்றிக்குத்தான் போனது. வழக்கமாக மிளகளவு பொட்டு வைப்பவள் அன்றைக்கு ஐந்து ரூபாய்க் காசளவுக்கு வைத்திருந்தாள். அதற்கு மேலே மூன்று பட்டையாகத் திருநீறு வேறு. முந்தின நாள்தான் நான் அவளிடம் போய், நாளைக்கு ஒருநாள் மட்டும் பொட்டைக் கொஞ்சம் சின்னதாக வைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். அதற்கு அவள் சரி என்றோ முடியாது என்றோ சொல்லாமல் போனது ஏன் என்று இப்போது புரிந்தது.

என் பெயர் சவரிமுத்து. ஆட்டோ ஓட்டுகிறேன். டிக்கோயாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் இருக்கும் புனித அந்தோனியார் அன்பியத்துக்கு ஆறு வருடமாக நான்தான் செயலாளர். பக்தியைப் பார்த்துக் கொடுத்த பதவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தேர்வு நடந்த அன்று என் சட்டைப்பையில் மட்டும்தான் பேனா இருந்தது. அதுவும் டயர் கடைக்காரரிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்க மறந்த பேனா. அன்பியம் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சில குடும்பங்கள் வாரம் ஒருநாள் ஒரு வீட்டில் கூடுவோம். பைபிளுக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். நற்செய்தியில் ஒரு சிறு பகுதியை மூன்று பேர் மூன்று தடவை வாசிப்பார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். பிறகு ஒவ்வொருவராக, மனதில் பட்டதைச் சொல்வோம். ஒருவர் சொல்லும்போது மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. சொல்லி முடித்த பிறகும் பதில் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். இதுதான் ஒரே சட்டம். என் மனைவி பிரேமினி இந்தச் சட்டத்தை வீட்டிலும் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு மட்டும் பொருந்தும் வகையில்.

தொலைந்துபோன பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று அந்தோனியாருக்குப் பெயர். எங்களிடமிருந்து தொலைந்துபோன குடும்பங்களை மட்டும் அவர் இன்னும் கண்டுபிடித்துத் தரவில்லை. பதினாறு குடும்பமாக இருந்தோம். ஒன்று வத்தளைக்குப் போனது, ஒன்று மகள் வேலை செய்கிற ஆடைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் போனது, ஒன்று எங்கே போனது என்று தெரியாமல் பூட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனது. இப்படியே ஏழு போய், மீதி ஒன்பது. போன வருடம் டவுன் கோயிலிலிருந்து வாட்ஸப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பத்துக் குடும்பத்துக்குக் குறைவான அன்பியங்கள் டவுன் அன்பியத்தோடு இணைக்கப்படும் என்று அதில் இருந்தது. டவுனில் கூட்டம் ஆறரைக்கு. தோட்டத்துக்குத் திரும்பி வரும் கடைசி பஸ் ஆறு மணிக்கு. கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையிலிருந்து இறங்கி, நிறுவை முடித்து, வீட்டுக்கு வந்து கால் கழுவவே ஐந்தரை ஆகிவிடும். என் ஆட்டோவில் மூன்று பேர் ஏறலாம், போலீஸ் இல்லாத நாளில் ஆறு பேர். இணைப்பது என்று அவர்கள் எழுதியிருந்ததை மூடுவது என்றுதான் நாங்கள் வாசித்தோம்.

கூடவே ஒரு படிவமும் வந்தது. அதைப் பார்த்துக் குடும்பப் பதிவுப் புத்தகத்தையும் புதிதாக எழுதி, வாராவாரம் அதில் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். ஒன்பது வரிசையை நிரப்பினேன். பத்தாவது வரிசை வெறுமையாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் நாகலெட்சுமியின் பெயரை எழுதினேன். தப்பே இல்லை என்றுதான் தோன்றியது. அவள் வராத வியாழக்கிழமையே கிடையாது, மாரியம்மன் திருவிழா வாரத்தைத் தவிர. எழுதிய பிறகு தள்ளிவைத்துப் பார்த்தேன். அருளப்பன், செலஸ்தீனா, பிலோமினா என்று இறங்கிவரும் வரிசையில் அந்தப் பெயர் மட்டும் கோயில் மாறி வந்ததுபோலத் தெரிந்தது. அதனால் முன்னால் ஒரு ‘மரிய’வைச் சேர்த்தேன். தண்ணீர் இல்லாமல், குருவானவர் இல்லாமல், சம்பந்தப்பட்ட ஆளுக்கே தெரியாமல், டயர் கடைப் பேனாவால் நடந்த ஞானஸ்நானம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு புத்தகத்தை அவள் கண்ணில் காட்டவே இல்லை. “நீ எதுக்கு எந்திரிச்சி வர்ற, நானே போட்டுக்கிறேன்” என்று சொல்லி, ஒவ்வொரு வாரமும் அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். என் கையெழுத்தைவிட அது அழகாக இருக்கும்.

நாகலெட்சுமியை நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. அவள் இருப்பது செலஸ்தீனாக்கா வீட்டை ஒட்டிய காம்பராவில். வரிசை வீடுகளான லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் இருக்கிறதே தவிர, அது கூரை வரைக்கும் போகாது. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, மூன்றாவது தடவை வாசித்து முடித்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். சுவருக்கு மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. “இன்னொரு தடவ படிங்களேன், கொழாத் தண்ணி சத்தத்துல பாதி கேக்கல.” வானத்திலிருந்து வந்ததாக நினைத்துச் சிலுவை போட்டவர்களில் நானும் ஒருவன். அடுத்த வாரம் தன் பலகையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் நாளே பேசினாள். அன்றைக்கு மலையில் தலைக்கயிறு அறுந்து கூடை பள்ளத்தில் உருண்டதையும், கொட்டிய கொழுந்தைத் தனியாகப் பொறுக்கியதையும் சொன்னாள். முடித்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

“என்னங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க?”

“இங்க அப்பிடித்தான் லெச்சுமி. ஒருத்தர் பேசுனா மத்தவங்க கேக்கணும். அவ்வளவுதான்” என்றார் செலஸ்தீனாக்கா.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். “காலையில பேரு கூப்புடுற பெரட்டுல கண்டாக்கு ஐயா பேசுறாரு. மலையில கங்காணி பேசுறாரு. நிறுவையில கணக்கப்புள்ள பேசுறாரு. ஊட்டுக்கு வந்தா டீவி பேசுது. நான் பேசி, பத்துப் பேரு வாய மூடிக்கிட்டு இருந்தது இன்னிக்குத்தான்” என்றாள். அதற்கும் நாங்கள் பதில் சொல்லவில்லை. அவள் சிரித்துவிட்டாள்.

இப்போது வந்திருக்கும் துஷாந்த் ஃபாதர் புதியவர். முப்பது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கலாம். பதினான்கு தோட்டங்களுக்கு அவர் ஒருவர், அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள். எல்லா அன்பியத்துக்கும் நேரில் வந்து பதிவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடப்போவதாக ஞாயிறு பூசையில் சொன்னார். அந்தப் பூசையில் எனக்கு நற்கருணை வாங்கப் போகக் கால் வரவில்லை. புதன்கிழமை நாகலெட்சுமி மலைத் தண்ணீர் விழும் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஆட்டோவை நிறுத்தி இறங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் இறங்கினேன்.

“நாளைக்குப் புது ஃபாதர் வர்றாரு நாகலெட்சுமி.”

“வரட்டுமே. தேத்தண்ணி ஊத்துவோம்.”

“அதில்ல. அந்தப் பொட்டு... நாளைக்கு மட்டும் கொஞ்சம் சின்னதா...”

அவள் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். என் ஆட்டோவைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். “முன் கண்ணாடியில அந்தோனியாரு. பின் கண்ணாடியில முருகன். மீட்டருக்குப் பக்கத்துல புத்தரு. போலீஸ் மறிச்சா எந்தச் சாமிய முன்னுக்குத் தள்ளுவீங்கன்னு எனக்குத் தெரியாதாண்ணே? ஒங்களுக்குக் கண்ணாடி நெறய இருக்கு. எனக்கு நெத்தி ஒண்ணுதான்.” வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் பிரேமினி அடுப்படியிலிருந்தே கேட்டாள். “சொல்லிட்டீங்களா?”

“சொல்லத்தான் போனேன்.”

“போனீங்க. வந்தீங்க. நடுவுல சொன்னீங்களா?”

மறுநாள் மழை மூன்று மணிக்கே தொடங்கிவிட்டது. ஃபாதர் வந்து சேர்ந்தபோது அவருடைய சப்பாத்துக்குள்ளிருந்து தண்ணீர் சத்தம் கேட்டது. செலஸ்தீனாக்கா துவாலை கொடுத்தார், பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஃபாதர் நனைந்த காலுறையைக் கழற்றிப் பிழிந்தபோது எனக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. நாங்கள் எல்லாரும் பாயிலும் பலகையிலுமாக வட்டமாக உட்கார்ந்தோம். “மொதல்ல பதிவைப் பார்த்துடுவோம். மழை கூடினா கீழ இறங்க ஏலாது” என்று சொல்லி அவர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு பெயராக வாசித்தார். வாசிக்க வாசிக்க ஆள் கையைத் தூக்கியது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோலவே இருந்தது. ஒன்பதாவது பெயர் முடிந்தது. பத்தாவதுக்கு அவர் வாயைத் திறக்கும்போது கரண்ட் போனது.

அந்தோனியாருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன். ஃபாதர் ஃபோன் டார்ச்சைப் போட்டார்.

“மரிய நாகலெட்சுமி?”

நாகலெட்சுமி தலையைத் தூக்கி, “அது யாரு?” என்றாள். பிறகு, “இந்த லயத்துல நாகலெட்சுமின்னா நான் ஒருத்திதானே” என்று மெதுவாகச் சொன்னாள். டார்ச் வெளிச்சம் அவள் பக்கம் திரும்பி, பொட்டில் போய் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு என் முகத்துக்கு வந்தது.

“செயலாளர், இவங்க யாரு? கத்தோலிக்கமா இவங்க? ஞானஸ்நானம் எந்த வருஷம்?”

அவருக்கும் எனக்கும் நடுவேதான் அவள் உட்கார்ந்திருந்தாள். கேள்வி அவள் தலைக்கு மேலே பறந்து என்னிடம் வந்தது. “அது வந்து ஃபாதர்” என்று தொடங்கினேன். நாகலெட்சுமி என்னைப் பார்த்தாள். ஒரு வருடமாக நான் எழுதிய அத்தனையையும் அந்த ஒரு பார்வையில் அவள் வாசித்துவிட்டாள்.

அந்த இருட்டில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. செலஸ்தீனாக்கா பைபிளுக்குப் பக்கத்தில் இருந்த மெழுகுவர்த்தியை ஏற்றினார். “மெழுகுவத்தி கொளுத்தியாச்சு ஃபாதர். கொளுத்திட்டா இங்க வாசகந்தான். மத்தது எல்லாம் பொறவு. அந்த லைட்டக் கொஞ்சம் அமத்துங்க.” பிள்ளைக் காம்பராவில் இருபது வருடம் ஆயாவாக இருந்து, நூறு பிள்ளைகளைத் தூங்கவைத்த குரல் அது. ஃபாதர் டார்ச்சை அணைத்தார்.

அந்த வாரத்துப் பகுதியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நாட்காட்டியில் இருந்ததுதான். பதினெட்டு வருடமாகக் கூன் விழுந்து நிமிர முடியாமல் இருந்த பெண்ணை, ஓய்வுநாளில், செபக்கூடத்தில் வைத்து இயேசு நிமிர்த்திவிடுகிற கதை. அதைப் பார்த்துச் செபக்கூடத் தலைவருக்குக் கோபம் வருகிறது. பிரேமினி வாசித்தாள், அருளப்பன் அண்ணன் வாசித்தார், மூன்றாவது பிலோமினா வாசித்தாள். பிறகு அமைதி. எனக்கு அந்த அமைதியில் வழக்கமாகப் பெட்ரோல் விலைதான் ஓடும். அன்றைக்குப் பத்தாவது வரிசைதான் ஓடியது.

“நான் பேசுறேன்” என்றாள் நாகலெட்சுமி.

“பதினெட்டு வருஷம்னு இருக்கு. நான் மலைக்குப் போவ ஆரம்பிச்சி இருவத்தி நாலு வருஷம். குனியறது என்னான்னு எனக்குத் தெரியும். அதனால அந்தப் பொம்பளயப் பத்திச் சொல்ல வரல. அந்தத் தலைவரப் பத்திதான். அவருக்குக் கோவம். சரி. ஆனா யாருகிட்ட பேசுறாரு? அவ முன்னுக்குத்தான் நிக்கிறா, இப்பதான் நிமிந்து நிக்கிறா. அவ மொகத்தப் பாத்து ஒரு வார்த்த பேசல. கூட்டத்தப் பாத்துப் பேசுறாரு. ஆறு நாளு இருக்கே, அன்னிக்கு வாங்களேன்னு. எங்க கணக்கப்புள்ளையும் அப்பிடித்தான். ஒருத்தி மேல கோவம்னா அவ பேரச் சொல்ல மாட்டாரு. மொத்தப் பேரையும் பாத்து ஏசுவாரு. அவ குனிஞ்சிக்கிட்டே நிக்கணும். இப்பவும் அதுதான் நடந்துச்சி. நான் இங்கதான் குந்தியிருக்கேன். நான் யாருன்னு சவரியண்ணங்கிட்ட கேள்வி போவுது.”

“அம்மா, நான் அப்படி நினைச்சு...” என்றார் ஃபாதர்.

“சாமி, ஒருத்தர் பகிரும்போது குறுக்க பேசக் கூடாதுங்க.”

அதில் கோபம் இல்லை. படியில் பாசி இருக்கிறது, பார்த்து வையுங்கள் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஃபாதரின் வாய் திறந்தபடி இருந்து, பிறகு மூடியது. அவரே எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்த வழிமுறைத் தாளில் மூன்றாவது வரியில் இருக்கிற சட்டம்தான் அது.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றாள் அவள். “எங்க அப்பா எனக்கு வச்ச பேரு நாகலெட்சுமி. மரியம்மா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, நல்ல அம்மா. ஆனா அவங்க பேர எனக்குக் கேக்காம ஒட்டுனது யாருன்னு, ஒட்டுனவருக்கே தெரியும். அந்தப் பொம்பளய இயேசு அம்மான்னுதான் கூப்புட்டாரு. பேர மாத்திட்டு வா, நெத்தியத் தொடச்சிட்டு வா, பொறவு நிமித்தி வுடுறேன்னு சொல்லல. நான் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவ. அடுத்த வருஷமும் எடுப்பேன். வியாழக்கெழம இங்கயும் வருவேன். டவுனுக்கு மாத்துனா எனக்கு வர ஏலாது. இங்க இருக்கிற யாருக்கும் ஏலாது. நாங்க பேசுனா கேக்கிறதுக்கு இந்த ஒரு எடந்தான் இருக்கு. அத மூடுறதுன்னா, எங்க மொகத்தப் பாத்துச் சொல்லிட்டு மூடுங்க. அவ்வளவுதான்.”

பிலோமினா மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது. அடுத்து உட்கார்ந்திருந்தது நான். வழக்கமாக என் முறை வந்தால், எனக்கும் அப்படியேதான் பட்டது என்று சொல்லி ஐந்து வினாடியில் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவேன். அந்த வாக்கியம் அன்றைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிரேமினி என்னைப் பார்க்காமல் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்திருந்தால் சொல்லித் தப்பித்திருப்பேன்.

“மரியன்னு எழுதுனது நான்தான் ஃபாதர். அவளுக்குத் தெரியாது. கையெழுத்தும் நான்தான் போட்டேன், வாரா வாரம். அது ரெண்டும் பொய்.” பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். “பத்துன்னு எழுதுனது பொய்யில்ல. அத மாத்த மாட்டேன். செயலாளர் வேலையிலருந்து என்னயத் தூக்குனா தூக்குங்க. அடுத்தவரும் பத்துன்னுதான் எழுதணும்.” வீரமாகச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி கத்தியதுபோல இருந்தது என்று பிரேமினி சொல்கிறாள்.

செலஸ்தீனாக்காவின் முறை வந்தால் எப்போதும் முழங்கால் வலியில் தொடங்குவார். அன்றைக்கு முழங்காலை மறந்துவிட்டார். “எனக்கும் லெச்சுமிக்கும் ஒரே கூரதான் ஃபாதர். ஒழுகுனா ரெண்டு ஊட்டுலயும் ஒழுகும்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அருளப்பன் அண்ணன், டவுனுக்குப் போகச் சொன்னால் நடந்தே போய் அங்கே உட்கார்ந்து ஒன்பது கிலோமீட்டரைப் பற்றி மட்டும் பகிர்வேன் என்றார். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பிரேமினி, “நான் ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு எங்க ஊட்டுக்காரரு பேசிட்டாரு, அது போதும்” என்றாள்.

வட்டம் சுற்றி ஃபாதரிடம் வந்தது. அவர் ஈரக் காலைப் பாயின் ஓரத்தில் தேய்த்தார். “பதினாலு தோட்டம் இருக்கு. எல்லாத்துக்கும் நான் ஒருத்தன். அதனாலதான் பத்துன்னு ஒரு எண்ணிக்கை. நான் வர்றதுக்கு முன்னாலயே வச்சது. சட்டம்னு ஒண்ணு வேணும்தானே? இல்லன்னா எங்க போய் நிக்கும் இது?” என்றார். கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

நாங்கள் கேட்டுக்கொண்டோம். யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருவர் பகிர்ந்தால் பதில் சொல்லக் கூடாது. கீழே இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தவர் மாதிரி அவர் முகம் தடுமாறியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நாகலெட்சுமியின் முகத்துக்கு வந்ததும் அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. கடைசியில் தாழ்த்தியவர் அவர்தான். தாழ்த்திய இடத்தில், அவர் மடியில், பதிவுப் புத்தகம் இருந்தது.

நான் எழுந்து போய்ப் புத்தகத்தை வாங்கினேன். பத்தாவது வரிசையில் ‘மரிய’வின் மேல் ஒரே கோடு போட்டேன். டயர் கடைப் பேனா அந்த மழைக்குளிரிலும் நன்றாகத்தான் எழுதியது. புத்தகத்தையும் பேனாவையும் நாகலெட்சுமியிடம் நீட்டினேன். அவள் உடனே வாங்கவில்லை. என்னைக் கொஞ்சம் காயவிட்டாள், அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. பிறகு புத்தகத்தை முழங்காலில் வைத்து, அன்றைய தேதிக்கு நேரே எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். கட்டத்துக்குள் அடங்கவில்லை. பக்கத்துக் கட்டத்தையும் பிடித்துக்கொண்டு கோணலாக ஓடியது. நான் இத்தனை நாள் போட்டுவந்த அழகான கையெழுத்துகளுக்குக் கீழே அது வேறு யாருடையதோ போல இருந்தது.

அவள் அதை என்னிடம் திருப்பித் தரவில்லை. வட்டத்தின் நடுவில் எழுந்துபோய் ஃபாதரின் மடியில் வைத்தாள். பக்கத்தின் அடியில், பங்குத்தந்தை என்று அச்சடித்திருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஃபாதர் தன் பேனாவின் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே இருந்தார். மழை விடுகிற மாதிரி இல்லை. செலஸ்தீனாக்கா உள்ளே தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், ஆளுக்கொன்றாகப் பதினான்கு சத்தம் கேட்டது.

“இருட்டா இருக்குங்களா சாமி?” என்று கேட்டாள் நாகலெட்சுமி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பைபிளுக்குப் பக்கத்திலிருந்த மெழுகுவர்த்தியை, சுடர் அணையாமல் கையால் மறைத்தபடி எடுத்துவந்து, புத்தகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி அவர் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். மெழுகு உருகி அவள் விரலில் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.